படம் காட்டாத அட்டை

ஷோரேனா மற்றதெல்லாம் வாங்கிவிட்டாள்.
பெட்டி, மதர்போர்டு, பதினாறு ஜிபி ராம்,
மூன்று மின்விசிறி; அதில் ஒன்று
யாரும் கேட்காமலே நீலமாய் ஒளிரும்.
கிராபிக்ஸ் கார்டின் இடம் மட்டும்
விழுந்த பல்லின் இடம்.
நாக்கைப்போல் விரல் அங்கேயே போகிறது.

கையில் எண்ணூற்று அறுபது லாரி.
(வண்டியல்ல. திபிலிசியில் காசுக்கு அதுதான் பெயர்.)
இந்தக் காசுக்குப் புதிது ஒன்று உண்டு.
கடைக்காரன் பச்சூக்கி அதைப் பற்றி
மாப்பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னான்:
ஒற்றை விசிறி, மூன்று வருட வாரண்டி,
சத்தம் போடாது, அதிகம் தின்னாது,
பெரிதாய் எதுவும் எதிர்பார்க்காதே.

விரலுக்குத் தக்க வீக்கம் போதாதா
என்றான் உடன் வேலைசெய்யும் மெராபி.
அவளுக்குப் பசி கண்ணில்.
மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள்.
அக்மெத்தெலியிலிருந்து வார்க்கெத்திலி,
வார்க்கெத்திலியிலிருந்து அக்மெத்தெலி.
திதூபே பக்கம் கொஞ்சம் வானம் வரும்,
மற்றபடி முன்கண்ணாடியில் நாளெல்லாம்
கருப்பு, நடுவில் ஒரு விளக்கு,
பிறகும் கருப்பு.

இன்னொன்று ஓத்தாரியிடம் இருந்தது.
லிலோ சந்தையின் பின்புறம், கார் டிக்கியில்,
உருளைக்கிழங்கு மூட்டைகளோடு
செய்தித்தாளில் சுற்றிய பதினொரு கார்டுகள்.
மூன்று விசிறி, பன்னிரண்டு ஜிபி,
புதிதாய் வாங்கினால் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.
எழுநூறு என்றான்.
வாரண்டி?
தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான்.

அவள் சுழி பார்த்தாள்.
திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா,
தட்டினால் விசிறி ஆடுகிறதா,
வெப்பத் தகடுகளின் இடுக்கில் என்ன?
சாம்பல் தூசி. ஒரு ஈயின் இறகு.
முகர்ந்தாள். வறுபட்ட வாசனை.

ஓத்தாரி எதையும் மறைக்கவில்லை.
மலையில், மூடிப்போன தேயிலை ஆலையில்
நாற்பது கார்டுகளை அலமாரியில் அடுக்கி
இராப்பகலாய் நாணயம் தோண்டினானாம்.
"மூன்று வருடம் சுரங்கத்தில் கிடந்தது.
திரையோடு சேர்த்ததே இல்லை.
ஒருநாளும் படம் காட்டியதில்லை."

அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.
ஒளியும் நிழலும் நீர்மேல் அலையும்
வரைவதற்கென்றே செய்த ஒன்று
மூன்று வருடம் எண்களை மென்று துப்பியிருக்கிறது.
ஒரு புல்லைக்கூட வரைந்ததில்லை.
கேபிள் சொருகும் முனைகளைப் பார்த்தாள்.
உடம்பெல்லாம் கிழடாகி
அவை மட்டும் கீறலில்லாமல் புதுசு.

நீயும் சுரங்கமா, என்றாள் சத்தமில்லாமல்.

அறுநூற்று எழுபதுக்குப் படிந்தது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அளந்தாள்,
எல்லோரையும்போல.
பெட்டிக்குள் முப்பது சென்டிமீட்டர்.
கார்டு முப்பத்திரண்டு.
கல்தானியில் ஒன்பதாம் மாடி, காசு போட்டால்தான் லிப்ட் ஏறும்;
கீழே வாஷாவிடம் இரும்பறுக்கும் ரம்பம் வாங்கிவர
சில்லறை போனது.
ஹார்ட் டிஸ்க் கூண்டை அறுத்தெடுக்க
இரவு பதினொன்றரை.
பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள்.
இவளும் பதிலுக்குத் தட்டினாள்.

பவர் சப்ளை தாங்குமா என்பது தனிக் கவலை.
தாங்காது என்றுதான் கணக்கு வந்தது.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும்
அறை ஹீட்டரை அணைத்துவிட்டு
ஸ்விட்சைப் போட்டாள்.

விசிறிகள் ஒருமுறை சீறி அடங்கின.
திரை கருப்பு.
பழகிய கருப்புதான்,
அடுத்த நிலையத்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தாள்.

பிறகு புல்.
காற்றில் சாயும் புல், தொலைவில் ஒரு குதிரை,
மேகத்தின் நிழல் குன்றேறிப் போகிறது.
வானத்தின் வலது ஓரத்தில்
விட்டுவிட்டு மினுக்கும் ஊதாப் புள்ளி.
டிரைவரை மாற்றினாள், கேபிளை மாற்றினாள்,
டிவியில் சொருகிப் பார்த்தாள்.
அங்கும் இருந்தது.

பச்சூக்கியைக் கேட்டால்
மெமரி போய்க்கொண்டிருக்கிறது, ஆறு மாதம் என்பான்.
கேட்கவில்லை.
காலை ஐந்தரைக்கு வேலை.
அதுவரை அந்தக் குன்றின்மேல்
எதையும் கொல்லாமல், எங்கும் போகாமல்
நின்றுகொண்டிருந்தாள்,
புள்ளிக்கு நேர் கீழே.